அளவக்காவின் முதுகு

சட்டைக் கழுத்தின் உட்பக்கம் ‘எம்’ என்று ஒரு துண்டுத் துணி தைத்திருக்குமே, அந்த எம் யார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? இருக்காது. எங்கோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த அளவு என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. நான் சொல்கிற தையல் தொழிற்சாலையில் எம் என்பது ஒரு பொம்பளை. காலையில் பேருந்தில் இடிபட்டு வந்து, சாம்பிள் அறையில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து நிற்கிற பொம்பளை. அவள் உடம்பில் சரியாக உட்கார்ந்தால் எம் சரி. ‘அக்குள்ல இறுக்குது’ என்று அவள் முகம் சுளித்தால், ஆயிரக்கணக்கான சட்டைகளின் அக்குள் அன்று சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. அது சம்பளத்தன்று மட்டும் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் அளவக்காதான். வாசல் காவலாளி முதல் முதலாளியின் சம்சாரம் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பத்தொன்பது வயதில் பொத்தான் தைக்க வந்தவள் அவள். துணி வெட்டுவதற்கான அளவுத்தாளை, அதாவது பேட்டர்னைப் போடும் மாஸ்டர் அப்போது மீசை சரியாக முளைக்காத ஆள். வரிசையில் நடந்து போனவளைப் பார்த்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாராம். "நம்ம டம்மியை விட இந்தப் பொண்ணு ஒழுங்கா இருக்கே" என்றாராம். டம்மி என்றால் சட்டை மாட்டிப் பார்க்கிற பொம்மை. பொம்மை கையைத் தூக்காது, உட்கார்ந்து எழாது, எங்கே குத்துகிறது என்று வாய் திறந்து சொல்லாது. அன்றைக்கு ஏறிய மரப்பெட்டியை விட்டு அவள் முப்பத்திரண்டு வருடம் இறங்கவில்லை.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. மாறக் கூடாது. திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் மார்பு, இடுப்பு, பிட்டம் மூன்றையும் டேப் போட்டுப் பார்ப்பார். ஒரு நூல் கூடினாலும் உதட்டைப் பிதுக்குவார். நூல் என்பது தையற்காரர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நமக்கெல்லாம் ஒரு வேளைச் சோற்றில் ஏறி இறங்குகிற சமாச்சாரம். உயரத்தை மட்டும் முதல் நாள் எடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வளர்ந்த மனுஷியின் உயரம் எங்கே போகப் போகிறது? அப்படித்தான் மாஸ்டர் நினைத்தார், முதலாளி நினைத்தார், அவளும் நினைத்தாள். அந்த நினைப்பில்தான் சனி ஏறி உட்கார்ந்தது.

அந்த உடம்பை அவள் எப்படிக் காத்தாள் என்கிறீர்கள்? வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டித்தான். காலையில் கறுப்புத் தேநீர். பத்து மணிக்குப் பசித்தால் இன்னொரு கறுப்புத் தேநீர். மதியம் காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு, வெள்ளரிக்காய், உப்பு. சாயங்காலம் தலை சுற்றினால் மறுபடியும் தேநீர். பால் பக்கமே போக மாட்டாள், வயிறு உப்பும் என்பாள். தயிர் என்றால் தடிப்பு, முட்டை என்றால் கொழுப்பு. அடுத்த நிறுத்தத்துக்குப் போகவும் பேருந்துதான், நடந்தால் கெண்டைக்கால் உருண்டு காற்சட்டை பிடிக்குமே என்ற பயம். மாடிக்கு லிப்ட். கனமாக எதையும் தூக்குவதில்லை, தோள் அகலமாகிவிடுமாம். வெயில் அவள் மேல் பட்டதே கிடையாது. விடிந்தும் விடியாமலும் உள்ளே போவாள், இருட்டத் தொடங்கும்போது வெளியே வருவாள், சாம்பிள் அறைக்கு ஜன்னலும் இல்லை, துணி வெளுத்துவிடும் என்று அடைத்துவிட்டார்கள்.

யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால் இரண்டு விரலால் ஒரு துணுக்கு கிள்ளி, அதையும் பக்கத்தில் இருப்பவள் வாயில் வைத்துவிடுவாள். துணி வெட்டுகிற கத்தரி அண்ணன் கிண்டல் பண்ணுவார். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சொல்லுவாங்க. இவங்களுக்கு அளவுக்குள்ள இருந்தாலும் நஞ்சுதான்."

"நான் சாப்பிட்டா உங்க கத்தரிக்குத்தாண்ணே வேலை அதிகம்" என்பாள் அவள்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவளுக்குப் பெருமையாக இருக்கும். ஊரில் அத்தனை பெண்களும் பிள்ளை பெற்று, பிசைந்த மாவு போல உப்பிக் கிடக்கையில், அவள் மட்டும் பிள்ளை பெற்ற ஆறாம் மாதம் பழைய அளவில் மரப்பெட்டிமேல் நின்றவள் அல்லவா? பெருமைப்படாமல் என்ன செய்வாள்?

அந்தப் பிள்ளை ஒரே மகள். புருஷன் அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். வீடு என்பது ஒரு அறையும் ஒரு அடுக்களையும். அதில் ஒரு பெண் பட்டினி கிடந்தால் இன்னொருத்தி மட்டும் தனியாக விருந்து சாப்பிடுவாளா? ஐந்து வயதில் அந்தக் குழந்தை, பக்கத்து வீட்டில் பால் கொடுத்தபோது, "வேணாம் ஆன்ட்டி, வயிறு உப்பும்" என்றதாம். அதைக் கேட்டு அளவக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மகளுக்கு இருபத்தொன்று ஆனபோது அவளும் அச்சில் வார்த்தது போல நின்றாள். மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஒருநாள் தொழிற்சாலைக்கு வந்தவளைப் பார்த்துவிட்டு, தையல் வரிசையே எழுந்து நின்றது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அன்றே ‘சின்ன அளவு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தான் இறங்குகிற அன்று மகள் ஏறுவாள் என்பது அப்போதே முடிவான மாதிரிதான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் முதலில் சண்டை அடுக்களை அலமாரியில்தான் தொடங்கியது. மேல்தட்டில் இருக்கும் தேயிலை டப்பாவை எட்டி எடுக்கப் போனாள், விரல்நுனிதான் பட்டது.

"ஏய், டப்பாவை ஏன்டி இவ்வளவு உள்ள தள்ளி வச்ச?"

"நான் தொடவே இல்லம்மா. எப்பவும் இருக்கிற இடத்துலதான் இருக்கு."

"அப்ப டப்பாவுக்குக் காலு முளைச்சுதா?"

மறுநாள் நாற்காலி போட்டு எடுத்தாள். பேருந்தில் பிடித்து நிற்கும் கைப்பிடியும் அந்த வருடம் உயர்ந்துவிட்டது. புதுப் பேருந்து விட்டிருப்பார்கள், நெட்டைப் பயல்களுக்காகச் செய்திருப்பான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள். பாவாடையின் விளிம்பு தரையில் உரசியது. துவைக்கத் துவைக்கத் துணி சுருங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், நீளுமா? அவள் அதையும் நம்பினாள். மனுஷிக்குத் தன்னைத் தவிர எல்லாம் கண்ணில் படும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்புறம் ஒரு திங்கட்கிழமை இடுப்பில் இரண்டு நூல் கூடியது. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். அவளுக்கு அவமானமாகிவிட்டது. மதிய ரொட்டியில் ஒரு துண்டைக் குறைத்தாள். அடுத்த மாதம் இன்னும் ஒரு நூல் கூடியது. இன்னொரு துண்டையும் நிறுத்தினாள். சாப்பிடாமலே வயிறு முன்னால் வருகிறதே, இது என்ன கூத்து என்று கண்ணாடிமுன் நின்று அழுதாள். உள்ளே விலா எலும்புகள் கீழே இறங்கி, இருக்கும் இடம் போதாமல் குடல் முன்னால் பிதுங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பட்டினி கிடக்கக் கிடக்க எலும்பு கரைந்தது. எலும்பு கரையக் கரைய வயிறு முன்னால் வந்தது. வயிறு வர வர அவள் பட்டினி கிடந்தாள். செக்குமாடு கூட இப்படிச் சுற்றாது.

அந்தச் சமயத்தில்தான் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. வெளியூர்க் கடைகள் அனுப்பிய மேல்கோட்டுகள். எல்லாம் நடு அளவு, எல்லாவற்றிலும் ஒரே புகார். மாஸ்டர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் படித்தார். "முன்பக்கம் தூக்குது, பின்பக்கம் தொங்குது."

அளவக்காவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கச்சிதமாக இருந்தது.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்" என்றாள்.

"அதானே. வாங்குறவளுங்க ஒழுங்கா நிமிர்ந்து நிக்கிறதில்ல போல" என்றார் அவர்.

வாங்கியவர்கள் நிமிர்ந்து நின்றதுதான் தகராறே. ஆனால் அது அந்த அறையில் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. தினம் பார்க்கிற முகத்தில் நரை தெரியாது என்பார்கள், தினம் பார்க்கிற முதுகில் வளைவு தெரியுமா? அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியக் குனிய, மாஸ்டரும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கத்தில் ஒரு நூல் பிடித்து, பின்பக்கத்தில் ஒரு நூல் விட்டு, ஒவ்வொரு வருடமும் அவள் உடம்புக்குக் கச்சிதமாகவே பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர் அல்லவா, கை தானாகப் போயிருக்கிறது.

முதலில் துணி கொடுத்த ஆலையைத் திட்டினார்கள். பிறகு டேப் இழுத்துப் போய்விட்டது என்று புது டேப் வாங்கினார்கள். கடைசியில் கத்தரி அண்ணன் தலையில் விடிந்தது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, கோணலாக வெட்டுகிறார் என்று சொல்லி அவரைப் பேக்கிங் பகுதிக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து வருடம் துணியில் மயிரிழை பிசகாமல் வெட்டிய மனிதர், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டப் போனார். போகும்போது அளவக்காவிடம், "உனக்கு ஏதாவது கோணலாத் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஆனா மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எய்தவன் எங்கோ இருக்க அம்பை நொந்துகொண்டார்கள்.

ஒருநாள் காலை, வீட்டுக் குளியலறையில் அரைவாளித் தண்ணீர். அதைத் தூக்கி ஓரமாக வைக்கலாம் என்று குனிந்தாள். அப்போது ஒரு தும்மல் வந்தது. முதுகுக்குள் ஏதோ மளுக்கென்றது. வெளியே கேட்டிருக்காது, அவள் காதுக்குள் மட்டும் கேட்டது. வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது, அவள் சுவரைப் பிடித்தபடி மூச்சு விடப் பயந்து நின்றாள். நேராக நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மகள் வேலை தேடி வெளியே போயிருந்தாள். அப்படியே எவ்வளவு நேரம் நின்றாளோ, தரை காய்ந்துவிட்டது.

மகளிடம் வாய்வுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு, தனியாகத்தான் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி, பேச்சில் சுற்றி வளைப்பதில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, பென்சிலால் காட்டினார்.

"இதெல்லாம் முதுகெலும்புக் கட்டை. சதுரமா இருக்கணும். உங்களுக்குப் பாருங்க, முன்பக்கம் நசுங்கிப் போச்சு, பின்பக்கம் அப்படியே நிக்குது. மூணு கட்டை இப்படி இருக்கு. ரெண்டு பழசு. உங்களுக்கே தெரியாம எப்பவோ உடைஞ்சிருக்கு."

முன்பக்கம் குறைச்சல், பின்பக்கம் நீளம். அளவக்காவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. திரும்பி வந்த அத்தனை பெட்டியும், கத்தரி அண்ணனின் முகமும் கண்முன் வந்து நின்றன.

"தும்மினதுக்கா டாக்டர் எலும்பு உடையும்?"

"உடைஞ்சது தும்மலால இல்லம்மா. இத்தனை வருஷமா உள்ள ஒண்ணுமே போடாம விட்டதால. எலும்பு செத்த கட்டை இல்ல, அதுவும் தின்னும், வளரும், தேயும். என்ன சாப்பிடுறீங்க?"

சொன்னாள். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"பால்?"

"இல்ல."

"தயிர், முட்டை, முள்ளோட திங்கிற சின்ன மீன், எள்ளு, கீரை... ஒண்ணுமே இல்லையா?"

"தேநீர் குடிப்பேன்."

"நடை? வெயில்?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"மாதவிலக்கு எப்ப நின்னுச்சு?"

அதற்கு மட்டும் அளவக்கா கொஞ்சம் சிரித்தாள். "அது எப்பவும் ஒழுங்கா வந்ததே இல்ல டாக்டர். நடுவுல வருஷக்கணக்கா வராது. முப்பத்தஞ்சுக்கு மேல வரவே இல்ல. கடைசியா எப்ப வந்துச்சுன்னு ஞாபகமே இல்ல. நல்லதுதானே, தொல்லை விட்டதுன்னு இருந்தேன்."

"நல்லதா?" டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பொம்பளைக்குப் பட்டினியால அது நின்னு போச்சுன்னா, எலும்புக்குக் காவல் போச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே வந்திருக்கணும் நீங்க. சரி, இனிமேலாவது மருந்து இருக்கு, சாப்பாடு இருக்கு, பிடிச்சு நிறுத்திப் பார்க்கலாம். நசுங்கினது நிமிராது. அதை மட்டும் சொல்லிடுறேன்." எழுதிக்கொண்டே கேட்டார். "பொண்ணு இருக்காளா?"

"இருக்கா. இருபத்தொண்ணு."

"அவளைக் கூட்டிட்டு வாங்க. எலும்பு சேர்றது முப்பது வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் சேர்த்ததை வச்சு ஓட்டுறதுதான். இப்ப அவ நல்லா சாப்பிடணும், நடக்கணும், படியேறணும், நாலு கனத்தைத் தூக்கணும். உங்களுக்குக் கை நழுவிடுச்சு, அவளுக்கு இன்னும் இருக்கு."

திரும்பி வரும் வழியில் அளவக்கா பால் வாங்கினாள். வாழ்க்கையில் முதல் முறை. அடுப்பில் வைத்துக் காய்ச்சினாள், தம்ளரில் ஊற்றினாள். ஊற்றியபின் கை நின்றது. இரண்டு வாரத்தில் மகளை மரப்பெட்டியில் ஏற்றிப் பார்ப்பதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அளவக்காதான் கேட்டது, எனக்கும் வயசாகுது மாஸ்டர், பொண்ணைப் பாருங்களேன் என்று அவளே போய் நின்றது. வேறு எங்கும் வேலை கிடைக்காமல் அந்தப் பெண் அலைந்துகொண்டிருக்கிறாள். இப்போது பாலும் முட்டையும் கொடுத்து இடுப்பில் ஒரு நூல் ஏறிவிட்டால்? வேலை முதலில் உறுதியாகட்டும், பால் எங்கே ஓடிப் போகிறது என்று நினைத்தாள். தாய்தான் நினைத்தாள், வேறு யாரும் இல்லை.

"என்னம்மா, பாலெல்லாம் காய்ச்சுற? வயிறு உப்பும்னு நீதானே சொல்லுவ" என்று மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எனக்குத்தான்டி. டாக்டர் குடிக்கச் சொன்னாங்க."

மகள் தரையில் உட்கார்ந்து இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். "பாதத்துல ஒரு மாதிரி வலிக்குதும்மா. அடி எதுவும் படல. சும்மா நடந்தாலே வலிக்குது."

"புதுச் செருப்பு. அப்படித்தான் கடிக்கும்" என்றாள் அளவக்கா.

அந்த இரண்டு வாரமும் அவள் தூங்கினாளா என்பது அவளுக்கே வெளிச்சம். தொழிற்சாலையில் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். முதுகில் எலும்பு உடைந்ததை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து நின்றாள். பேக்கிங் பகுதி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். கத்தரி அண்ணன் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். "என்னம்மா, கோவமா?" அவள் கேட்காதது போல நடந்துவிட்டாள். மகள் வேலைக்கு ஏறட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். அந்த அப்புறத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினாள்.

திங்கட்கிழமை வந்தது. மகள் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் படாமல் வந்திருந்தாள். மரப்பெட்டியில் ஏறியவுடன் மாஸ்டர் டேப்பைப் போட்டார். மார்பு, இடுப்பு, பிட்டம். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அளவு, உன் பொண்ணு சாமானியப்பட்டவ இல்ல. நீ வந்த அன்னிக்கு என்ன இருந்தியோ அதே. ஒரு நூல் கூடல, குறையல."

மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அளவக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

"இந்தா, இந்த சீசன் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம்" என்று மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு நீல மேல்கோட்டை எடுத்தார். அளவக்கா உடம்பில் வைத்து முடிவுசெய்த கோட்டு. மகள் கையை நுழைத்தாள், பொத்தானைப் போட்டாள். முன்பக்கம் தூக்கியது. பின்பக்கம் தொங்கியது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுற்றி வந்து பார்த்தார். முன்விளிம்பை இழுத்துவிட்டார், விட்டதும் ஏறிக்கொண்டது.

"அளவு எல்லாம் சரியா இருக்கே. பொண்ணு ரொம்ப விறைப்பா நிக்குது, அதான். கொஞ்சம் தளர்ந்து நில்லும்மா."

மகள் தோளைத் தளர்த்தினாள்.

"தோளை முன்னாடி விடு. இன்னும் கொஞ்சம். நெஞ்சை உள்ள வாங்கு. கழுத்தை இப்படி நீட்டு... இன்னும் குனி."

அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வயிறு உப்பும் என்றால் பாலை நகர்த்தினாள், கெண்டைக்கால் தடிக்கும் என்றால் விளையாடப் போகவில்லை. இப்போதும் சொல்லச் சொல்லக் குனிந்தாள். ஒவ்வொரு குனிவுக்கும் கோட்டின் முன்விளிம்பு ஒரு நூல் இறங்கியது, பின்விளிம்பு ஒரு நூல் ஏறியது. மேல்முதுகு வளைந்து, தலை முன்னால் துருத்தி, வயிறு மடங்கியதும் கோட்டு அப்படியே வார்த்தது போல உட்கார்ந்துவிட்டது.

"ஆங், பாரு. கச்சிதம். இப்படியே நில்லு, பழகிக்கோ" என்றார் மாஸ்டர்.

மகள் அந்தக் கோலத்திலேயே கழுத்தை மட்டும் திருப்பினாள். "அம்மா, இப்ப சரியா இருக்கா?"

அறையின் பக்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் இரண்டு பேர் தெரிந்தார்கள், கீழே நிற்பவள் ஒருத்தி, மரப்பெட்டிமேல் நிற்பவள் ஒருத்தி. இரண்டும் ஒரே முதுகு. அளவக்கா மரப்பெட்டி அருகே போனாள்.

"நிமிரு" என்றாள்.

"இல்லம்மா, மாஸ்டர்தான்..."

"நிமிருடி. அந்தக் கோட்டைக் கழட்டு. கீழ இறங்கு."

மாஸ்டர் திகைத்துப் போய், "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார்.

"துணியில குத்தம் இல்ல மாஸ்டர். கத்தரி அண்ணன் கையிலயும் இல்ல. நின்ன ஆள்லதான் குத்தம். என் உயரத்தை எடுங்க."

"உயரத்தையா?"

"எடுங்க சொல்றேன்."

சுவரோடு சாய்ந்து நின்றாள். தலையின் பின்பக்கம் சுவரைத் தொடவே இல்லை, எவ்வளவு முயன்றும் தொடவில்லை. மாஸ்டர் குதிகாலிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு போனார். உச்சந்தலைக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து இழுத்தார். முதல் நாள் எடுத்த உயரத்துக்கு நாலு விரல் குறைந்திருந்தது. அந்த மனிதர் டேப்பைக் கையில் சுற்றியபடியே நின்றார்.

"எனக்குத் தோணவே இல்லையேம்மா" என்றார் கடைசியில். "தினம் பார்க்கிறேன். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்."

"எனக்கே தோணல. உங்களை என்ன சொல்ல? முதல்ல பேக்கிங்ல இருந்து அண்ணனைக் கூப்பிடுங்க. நான் அவர்கிட்ட நேராச் சொல்லணும்."

"கூப்பிடுறேன், கூப்பிடுறேன்." அவர் மெதுவாகத் தெளிந்து வந்தார். தொழில்காரர் புத்தி தொழிலுக்குத்தானே போகும்? "பேட்டர்ன் எல்லாத்தையும் புதுசாப் போட்டுடலாம். பொண்ணுதான் இருக்காளே, நிமிர்ந்து நிக்கிறா, பழைய அளவு அப்படியே இருக்கு. இவ நிக்கட்டும். என்னம்மா சொல்ற?"

"நான் நிக்கிறேன் மாஸ்டர்" என்றாள் மகள் அவசரமாக. கண் கலங்கியிருந்தது.

"வேணாம்" என்றாள் அளவக்கா. "அவ சாப்பிடணும். சாப்பிட்டா உங்க அளவுல நிக்க மாட்டா."

"நீ இத்தனை வருஷம் நின்னியேம்மா?"

"நின்னேன். அதான் இப்ப இப்படி நிக்கிறேன்."

கத்தரி அண்ணன் வந்தார், எலும்பு உடைந்ததையும், மகள் சாப்பிடணும், நடக்கணும் என்று டாக்டர் சொன்னதையும் அளவக்கா எல்லார் முன்னாலும் சொல்லக் கேட்டார். அவர் திட்டியிருந்தால் கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "நீ முதல்ல உட்காரும்மா" என்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது நல்ல பகல். அந்த நேரத்தில் அந்தத் தெருவை அளவக்கா பார்த்ததே இல்லை. மகள் அவளுக்குக் காத்திருக்காமல் முன்னால் நடந்தாள்.

"பஸ்ஸுக்கு நிக்கலையாடி?"

"நீதானே நடக்கணும்னு சொல்லப் போற? நடக்கிறேன். இருந்த ஒரு வேலையையும் கெடுத்துட்ட. சின்னதுல இருந்து சாப்பிடாத, சாப்பிடாதன்னு சொல்லிட்டு, இப்ப வந்து எல்லார் முன்னாடியும் சாப்பிடணுமாம்."

அளவக்கா பின்னாலேயே நடந்தாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வெயில் பின்கழுத்தில் சுட, அவள் பார்வை தானாகத் தரைக்குத்தான் போனது, இப்போதெல்லாம் அங்கேதான் போகும். மகளின் கால்கள் தெரிந்தன. வலது கால் ஒழுங்காக ஊன்றியது. இடது பாதம் தரையைத் தொட்டதும் தொடாததுமாக எடுத்து எடுத்து வைத்தது. காலில் பழைய, தேய்ந்துபோன செருப்பு. புதுச் செருப்பை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தாள்.

அளவக்கா நின்றுவிட்டாள். அப்படியானால் அது செருப்பு கடித்த வலி இல்லை. டாக்டர் கேட்ட அத்தனை கேள்வியிலும் தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன அந்த ஒரே கேள்வி ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்து, அதை ஒருநாளும் மகளிடம் கேட்டதில்லை.

"ஏம்மா, இங்க வா. ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"உனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா? கடைசியா எப்ப வந்துச்சு?"

மகள் திரும்பினாள். கோபத்துக்கு நடுவிலும் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள்.

"அதுவா? அது நின்னு ரொம்ப நாளாச்சும்மா. கடைசியா எப்ப வந்துச்சுன்னு ஞாபகமே இல்ல. நல்லதுதானே, தொல்லை விட்டதுன்னு இருந்தேன்."